சலாபம் முதல் ராட்டினம் வரை

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு: இவ்விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பெரிய கேளிக்கைப் பூங்காவின் பெயரைப் பிள்ளைகள் சொல்வார்கள். பெற்றோர் மனத்துக்குள் கணக்குப் போடுவார்கள். நுழைவுச் சீட்டு, பேருந்துக் கட்டணம், உணவு என்று கூட்டிப் பார்த்தால், கடலுக்குப் போய் வரும் ஒருவரின் பல நாள் உழைப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இவ்வினாவுக்கு இன்னொரு கடுமையும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீனினம் பெருகுவதற்கான தடை அது; 2017-க்கு முன்பு 45 நாட்களாக இருந்தது. தடையின் தேவையை மறுப்பவர் இன்று அதிகமில்லை. ஆயினும் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் அதே நாட்களில்தான் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. கையில் காசு இல்லாத காலமும் அதுவே. நாட்டுப் படகுக்காரருக்குத் தடை இல்லையென்றாலும், துறைமுகமே ஓய்ந்திருக்கும்போது கடைத்தெருவும் ஓய்ந்துதான் இருக்கும்.

இதே கரையில் ஒரு காலத்தில் கோடையே செல்வமும் கேளிக்கையும் கொழித்த பருவம் என்றால் இன்றைய இளைஞர் நம்புவாரா என்பது ஐயமே. வரலாறு அப்படித்தான் சொல்கிறது. நம் முன்னோருக்குக் கோடைப் பயணம் என்றால் அது முத்துச் சலாபத்துக்குச் செல்லும் பயணம்.

மன்னார் வளைகுடாவில் வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்குப் பருவக்காற்று எழும் முன்னர், மார்ச் முதல் மே வரை கடல் தெளிந்து அமைதியாக இருக்கும். பார்களில் கிடக்கும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுக்க அதுவே ஏற்ற காலம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும் ஏப்ரல், மே மாதங்களையே குறிப்பிடுகிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்போருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும் அவர் எழுதிவைத்தார்.

1535-க்கும் 1537-க்கும் இடையில் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் இக்கரையில் கால் பதித்தார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின்னர் கீழ்த்திசையில் சுற்றிய வெனிஸ் வணிகர் சீசர் பிரெடெரிக்கின் குறிப்பு நமக்கு மிகவும் பயன்படுகிறது. சலாபம் சுமார் ஐம்பது நாட்கள் நடந்தது. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நடக்கவில்லை. எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்க்கரையில் ஓலையாலும் வைக்கோலாலும் வீடுகளும் கடைத்தெருவும் எழும்பின. பருவம் முடிந்ததும் அவை மறைந்தன. மூழ்கியவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் என்றும் அவர் கூறுகிறார்.

வெறும் மணலில் எழும்பி, ஐம்பது நாட்களில் மறையும் ஒரு நகரம்! இலங்கைக் கரையில் கொண்டச்சி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் இவ்வாறே நடந்தது. 1905-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சுமார் 40,000 பேர் அங்கே கூடியிருந்தனர். மருத்துவமனை, நீதிமன்றம், அஞ்சலகம் எல்லாம் தற்காலிகமாகவே எழுந்தன. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தோணிகள் சென்றன. அரேபியரும் வந்து மூழ்கினர். மறு ஆண்டு அங்கே பணியாற்றிய இளம் ஆங்கில அதிகாரி லெனார்டு உல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃபின் கணவரானவர், பல மொழியும் பல மதமும் கொண்ட அத்தனை பெரிய கூட்டம் மிகக் குறைந்த காவலுடனே அமைதியாக இருந்ததை முதுமையிலும் மறக்கவில்லை.

கூட்டம் கூடும் இடத்தில் கேளிக்கை கூடாமல் இராது. தோணிகள் நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். மாலையில் ஏலம் நடக்கும். அதன் பின்னர் கடைத்தெருவில் விளக்குகள் எரியும். வித்தைக்காரர், நாட்டியக்காரர், இரவலர், பண்டம் விற்போர் எல்லாரும் அங்கே இருந்தனர் என்று சலாபங்களை நேரில் கண்டவர்கள் எழுதியுள்ளனர். எல்லாவற்றையும்விட மக்களை ஈர்த்த விளையாட்டு சிப்பியே. மூழ்குவோர் தம் பங்காகப் பெற்ற சிப்பிகளில் சிலவற்றைச் சில்லறையாக விற்பர். சில காசுகளுக்கு நாலைந்து சிப்பிகளை வாங்கி, அங்கேயே திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் ஒன்றும் இராது. யாரோ ஒருவருக்கு முத்து கிடைத்துவிடும். அந்தச் செய்தி கடைத்தெரு முழுவதும் பரவும். இன்றைய திருவிழாக் கடையில் வளையம் எறிந்து சோப்புப் பெட்டியை வெல்லத் துடிக்கும் சிறுவனின் முகத்தில் தெரியும் ஆவலை அன்றைய வணிகர் முகத்திலும் காணலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

அங்கே துன்பமும் இருந்தது. அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் காலராவும் சலாபத்தின் கூடப்பிறந்தவை. மூழ்கியவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டும் அரசுக்குப் போயின. சுறாவுக்கு அஞ்சி, கடல்கட்டியின் மந்திரம் இன்றி எவரும் நீரில் இறங்கவில்லை. 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று சற்றே புன்னகையுடன் குறித்துள்ளார். நாமும் புன்னகை செய்யலாம்; ஆனால் பத்துப் பாக ஆழத்தில் கல்லைக் கட்டி இறங்கியவனின் அச்சம் நமக்கு நேர்ந்ததில்லை.

தூத்துக்குடியில் கடைசிச் சலாப வரிசை 1955-இல் தொடங்கி 1961-இல் முடிந்தது. அதன் பின்னர் பார்களில் சிப்பி தேறவில்லை. ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையை ஏற்கெனவே பிடித்திருந்தது. சலாபம் நின்றதோடு இக்கரையின் கோடைக் கேளிக்கையும் நின்றது. வள்ளங்கள் வந்து குவிந்த பருவம் இன்று படகுகள் கட்டிக் கிடக்கும் பருவமாகிவிட்டது.

கேளிக்கை முற்றிலும் அழியவில்லை. அது காலம் மாறி, கடலிலிருந்து ஆலயத்துக்கு இடம் பெயர்ந்தது எனலாம். 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்ததாக மரபு கூறும் பனிமய அன்னையின் திருச்சுரூபம், 1713 முதல் இன்றைய ஆலயத்தில் வணங்கப்பட்டு வருகிறது. ஜூலை 26-இல் கொடியேற்றம், ஆகஸ்டு 5-இல் பெருவிழா. முத்துக்குளித்துறைப் பரதவரின் தலைவராயிருந்த தோன் கபிரியேல் தக்குருஸ் வாஸ் கோமஸ் செய்வித்த தங்கத்தேர் 1806 பிப்ரவரி 2-இல் முதன்முதலாக ஓடியது. அதனாலேயே அவர் தேர்மாறன் என்று பெயர் பெற்றார். 2013-இலும் 2023-இலும் அத்தேர் ஓடியதை வாசகர்களுள் பலர் கண்டிருப்பீர்கள்.

திருவிழா நாட்களில் ஆலயத்தைச் சூழ்ந்த கடற்கரைச் சாலைப் பக்கம் வந்தால், சலாபக் கடைத்தெருவின் பேரப்பிள்ளையைக் காணலாம். குடை ராட்டினம், தொட்டில் ராட்டினம், ராட்சத ராட்டினம், கொலம்பஸ் என்று நம் மக்கள் பெயரிட்ட ஊஞ்சல் கப்பல், மரணக் கிணறு, பலூன் சுடும் கடை, பஞ்சு மிட்டாய், வளையல். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், கையில் மீண்டும் காசு புழங்கும் நேரத்தில் இவை வந்து சேர்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தம் அன்று. தடையைவிடத் திருவிழா பல நூற்றாண்டு மூத்தது. எனினும் பொருத்தம் பொருத்தமே.

வழிபாட்டின் அருகில் இத்தகைய ஆரவாரம் வேண்டுமா என்று நம்மில் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. ஒலிபெருக்கி திருப்பலியை விழுங்கும்போது அச்சினத்தில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த அயலுறவு நம் ஊரில் தோன்றியதன்று. ஜெர்மன் மொழியில் திருப்பலிக்கும் வணிகச் சந்தைக்கும் ‘மெஸ்ஸே’ என்ற ஒரே சொல்தான். ராட்டினம் சுழலும் ஊர்ச் சந்தையை அவர்கள் ‘கிர்மெஸ்’ என்பார்கள். ஆலயத் திருப்பலி என்பதே அதன் வேர்ப்பொருள். உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்காவாகக் கருதப்படும் டென்மார்க்கின் பாக்கன், 1583-இல் நோய் தீர்க்கும் ஊற்று ஒன்றைத் தேடி மக்கள் கூடிய இடத்தில் பிறந்தது. நீர் அருந்த வந்தோரை நாடிக் கடைக்காரரும் வித்தைக்காரரும் வந்தனர். அவர்கள் பின்னர் போகவேயில்லை.

ராட்டினத்தின் கதையும் அதுவே. 1893-இல் சிகாகோவில் பெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில் நிறுத்திய இரும்புச் சக்கரம் ஒரே சமயத்தில் 2,160 பேரைச் சுமந்தது. உலகமே வியந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1615-இல், புனித நாட்டுக்குப் பயணம் புறப்பட்ட உரோமைக் கத்தோலிக்கர் பியேத்ரோ தெல்லா வாலே, கான்ஸ்டான்டிநோபிளில் இரமலான் விழாவின்போது மரச்சக்கரத்தில் ஏறிச் சுற்றி மகிழ்ந்ததாக எழுதியுள்ளார். அவர் பின்னர் கோவாவுக்கும் வந்தார். திருப்பயணி ஒருவர் வேற்று மதத்தாரின் விழாவில் சிறுவனைப் போல் ராட்டினம் ஏறிய அந்தக் காட்சி நமக்கு மிகவும் பிடித்தமானது.

ஆகவே, விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது: ஆண்டின் பயணத்தை மே மாதத்தில்தான் செய்துமுடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடலாம். மே மாதத்துக்கு ரோச் பூங்காவும் முயல்தீவும் போதும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு சென்று, சவேரியார் தங்கிய குகையையும் குன்றின்மேல் உள்ள திருச்சிலுவை ஆலயத்தையும் கண்டு, கடலில் கால் நனைத்து வரலாம். சேமித்த காசை ராட்டினம் வரும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடிக்கு ஆகஸ்டு 5, காமநாயக்கன்பட்டிக்கு ஆகஸ்டு 15, வேளாங்கண்ணிக்கு செப்டம்பர் 8, மணப்பாட்டுக்கு செப்டம்பர் 14. பெருவிழா நாளன்று பிள்ளைகளை ராட்டினத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். நெரிசலில் இரண்டு நிமிடச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் நிற்க நேரும். கொடியேற்றத்துக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ மாலையில் சென்றால், பிள்ளைகள் கேட்ட மட்டும் சுற்றலாம். ஏறுமுன் இருக்கையின் பூட்டையும் கம்பியையும் பெரியவர்கள் ஒரு முறை அசைத்துப் பார்த்தல் நலம். பூட்டில்லாத இருக்கையில் பிள்ளையை ஏற்றுவதைவிட அழவிட்டு அழைத்து வருவது மேல். உரிமம் பெற்றுத்தான் இவை இயங்குகின்றனவா என்று விழாக்குழுவினரைக் கேட்பதும் தவறன்று. கேட்கக் கேட்கத்தான் சரியாகும்.

நுழைவுச் சீட்டு இல்லாத பூங்கா இது. காசில்லாதவரும் உள்ளே வந்து, சுழலும் விளக்குகளைப் பார்த்து நிற்கலாம். சுவரெழுப்பிய பூங்காக்கள் இதைத் தருவதில்லை.

2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றின் காரணமாகப் பனிமய அன்னையின் விழா இறைமக்கள் கூட்டமின்றி நடந்தது. திருப்பலியை நாம் இல்லங்களிலிருந்து காணொளியில் கண்டோம். ராட்டினத்துக்கு அத்தகைய வழி இல்லை. ஊர் ஊராகச் சென்று அதைப் பூட்டியும் பிரித்தும் பிழைக்கும் தொழிலாளருக்கு அவ்விரு ஆண்டுகளும் முழுத் தடைக்காலங்கள். அவர்களுக்கென்று நிவாரணப் பட்டியல் எதுவும் இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை. 2022-இல் மீண்டும் மக்கள் கூடினர், கடைகளும் திரும்பின.

கொடியிறக்கம் முடிந்த மறுநாள் அவ்வழியே செல்வோர் காணலாம்: சக்கரத்தின் ஆரங்களைத் தனித்தனியே கழற்றி, எண்ணிட்டு, லாரியில் அடுக்குவார்கள். தொட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். மணலில் நான்கு குழிகள் மட்டும் எஞ்சும்.