விரிசலுக்கு ஒட்டுப் போட்ட கதை

சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டையைக் கண்டுபிடித்ததும் கடைக்கார அண்ணன் உடனே ஒட்டுப் போட மாட்டார். உப்புத்தாளை வைத்து டியூபைத் தேய் தேய் என்று தேய்ப்பார். அப்புறம்தான் சொல்யூஷன், அதற்கும் அப்புறம்தான் ஒட்டு. தேய்க்காமல் ஒட்டினால் அடுத்த தெரு தாண்டுவதற்குள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கிட்டத்தட்ட இதே வேலையை ஒரு போர் விமானத்தின் எஃகுக்குச் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது முதலில் நான் நம்பவில்லை.

அந்த விமானத்தின் பெயர் எஃப்-111. அமெரிக்கத் தயாரிப்பு. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கைகளைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். இறக்கை திரும்ப வேண்டும் என்றால் கதவுக்குக் கீல் போல ஏதாவது வேண்டுமல்லவா? அந்தக் கீல் இருக்கும் பகுதியை டி6ஏசி என்ற மிக வலுவான எஃகில் செய்தார்கள். இங்கேதான் வில்லங்கம். எஃகின் வலு கூடக் கூட, விரிசலைப் பொறுத்துக்கொள்ளும் குணம் குறையும். சாதாரண இரும்பு வளைந்து எச்சரிக்கும். இது சின்ன விரிசலிலேயே சட்டென்று முறிந்துவிடும்.

1969 டிசம்பர் 22 அன்று அதுதான் நடந்தது. அமெரிக்காவின் நெவாடாவில் பயிற்சியின்போது கீழே பாய்ந்து மேலே எழும்பிய ஒரு எஃப்-111இன் இடது இறக்கை கழன்று போனது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அந்த விமானம் அதுவரை பறந்தது நூற்றுச் சொச்சம் மணி நேரம்தான். எஃகை அடித்து உருவாக்கும்போதே விழுந்த, ஏறக்குறைய ஓர் அங்குல நீளக் குறை ஒன்று எல்லாப் பரிசோதனையிலும் தப்பி உள்ளே உட்கார்ந்திருந்தது.

இதற்குப் பிறகு ஒரு கடுமையான சோதனை வந்தது. விமானத்தை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து (செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான் :)) இறக்கைகளை மேலும் கீழும் வளைப்பார்கள். புவியீர்ப்பைப் போல மேல்நோக்கி 7.33 மடங்கு, கீழ்நோக்கி 2.4 மடங்கு சுமை. குளிரில் எஃகு இன்னும் எளிதில் முறியும். அப்படியும் முறியவில்லை என்றால், உள்ளே இருக்கும் விரிசல் எதுவானாலும் சிறியதுதான், இன்னும் இவ்வளவு காலம் பறக்கலாம் என்று கணக்குப் போடலாம். 1963இல் 24 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்த ஆஸ்திரேலியா, இந்தத் தொல்லைகளால் 1973இல்தான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். இறக்கை மேல்நோக்கி வளையும்போது அதன் மேல்பக்கம் அமுங்கும். அமுங்கும் இடத்தில் பொதுவாக விரிசல் வராது. ஆனால் சோதனையின் அசுரச் சுமையில் மேல்பக்கத்துச் சில மூலைகளில் எஃகு நிரந்தரமாகவே நசுங்கிவிட்டது. சுமையை எடுத்ததும் சுற்றியிருந்த எஃகு பழைய நிலைக்குத் திரும்பி, நசுங்கிய இடத்தை இழுத்துப் பிடித்தது. அந்த இழுவிசையோடு பறக்கப் பறக்க அங்கேயே புது விரிசல்கள் முளைத்தன. விமானத்தைக் காப்பாற்ற வந்த சோதனையே விரிசலுக்கு விதை போட்டது! சோதனையை விடவும் முடியாது, செய்யவும் பயம்.

வெல்டிங் செய்தால் அந்த எஃகின் பதம் கெடும். போல்ட் போட ஓட்டை போட்டால், ஓட்டையே அடுத்த விரிசலுக்கு வாசல்.

மெல்போர்னில் இருந்த அரசு விமான ஆராய்ச்சிக் கூடத்திடம் வேறொரு வழி இருந்தது. (கறுப்புப் பெட்டியைக் கண்டுபிடித்த டேவிட் வாரன் வேலை பார்த்ததும் இங்கேதான்.) ஆலன் பேக்கர் என்பவரின் தலைமையில் 1970களின் தொடக்கத்திலிருந்தே, போரான் இழைகளை எபாக்சியில் பதித்த தகடுகளை விரிசல் மேல் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1975 வாக்கில் ஹெர்குலிஸ் விமானங்களின் அலுமினிய இறக்கைகளில் இது பலன் தந்தது. 1980களில் எஃப்-111இன் எஃகுக்கு வந்தார்கள். பல அடுக்குத் தகட்டை மேல்பக்கத்தில் ஒட்டினால் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். சோதனையில் எஃகு நசுங்குவது குறையும். அதாவது, சோதனையிலிருந்து விமானத்தைக் காப்பாற்ற ஓர் ஒட்டு!

ஏன் போரான், கார்பன் ஏன் இல்லை? கார்பன் உலோகத்தைத் தொட்டால் ஈரத்தில் பாட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரிக்கும். போரானில் அந்தத் தொல்லை இல்லை. அதன் வழியாகவே மின்காந்தக் கருவியால் அடியில் உள்ள விரிசலைக் கண்காணிக்கவும் முடியும்.

கஷ்டமெல்லாம் ஒட்டுவதில்தான். பசை இறுக வெப்பம் கொடுக்க வேண்டும். சூட்டில் எஃகு அதிகம் விரியும், போரான் தகடு குறைவாக விரியும். ஆறும்போது எஃகைச் சுருங்கவிடாமல் தகடு இழுத்துப் பிடிக்கும், அது விரிசலுக்குச் சாதகம். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மேற்பரப்பு சரியில்லை என்றால் ஈரம் மெல்லப் புகுந்து பிணைப்பை அறுத்துவிடும். அதனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நுண்துகள்களைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசி, பிறகுதான் பசை. நம்ம சைக்கிள் கடை அண்ணன் ஞாபகம் வருகிறதா?

இவ்வளவு செய்தும் ஒரு கேள்விக்கு விடை இல்லை. ஒட்டு உரிந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும். உரியாமல் ஒட்டிக்கொண்டே பலவீனமாக இருந்தால்? அதை அளக்கக் கருவி இல்லை. அதனால்தான் ஒட்டு முழுதாகக் கழன்று போனாலும் பறக்கும்போது எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைத் தாங்க வேண்டும் என்று விமானத் துறையில் கேட்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நெவாடாவிலும் வெளியே தெரியாத குறைதானே இறக்கையைக் கழற்றியது?

அப்புறம் இந்த வித்தை கப்பலுக்கும் பாலத்துக்கும் போனது. விமானத்தைவிட மலிவு வேண்டும் என்பதால் அங்கெல்லாம் கார்பன்தான், உலோகத்துக்கும் அதற்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு. இங்கிலாந்தில் 1810இல் கட்டிய டிக்ஃபோர்ட் வார்ப்பிரும்புப் பாலத்தை 1999இல் கார்பன் இழை ஒட்டித்தான் வலுப்படுத்தினார்கள்.

ஆஸ்திரேலியா தன் எஃப்-111களுக்கு 2010 டிசம்பரில் ஓய்வு கொடுத்தது. சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. 23 விமானங்களை 2011இல் குயின்ஸ்லாந்தில் ஒரு குப்பைமேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். காரணம், கட்டும்போது பயன்படுத்திய ஒட்டுப்பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது.