வந்து சென்றோரும் ஊரில் நின்றோரும்

மே மாதம் பிறந்தால் காவிரிப் படுகையின் கிராமச் சபைகளுக்கு நகரத்துச் சபைகளிலிருந்து ஊழியக் குழுக்கள் வரத் தொடங்கும். கல்லூரி மாணவர், செவிலியர், பாடகர், வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் என ஒரு வேன் நிறைய இறங்குவார்கள். காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பகலில் மருத்துவ முகாம், மாலையில் வீடு சந்திப்பு, இரவில் தெருமுனைக் கூட்டம். வாரக் கடைசியில் சாட்சி சொல்லி, ஜெபித்து, வேன் புறப்பட்டுவிடும். இதைப் புதிய வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தஞ்சை மண்ணில் கிறிஸ்தவ ஊழியம் தொடக்கத்திலிருந்தே பயண ஊழியமாகத்தான் நடந்தது. அந்தப் பயணங்களில் எவை வேர் பிடித்தன, ஏன் பிடித்தன என்பதை அறிந்துகொண்டு வேன் ஏறுவது நல்லது என்பது என் எண்ணம்.

1706 ஜூலை 9 அன்று மிஷனெரிகளான சீகன்பால்க் ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் டேனியருக்கு இசைவளித்த கடலோரத் துண்டு நிலம் அது. அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சை அரசு. அரசர் அனுமதியின்றி ஐரோப்பியர் உள்நாட்டில் போய்த் தங்க வழியில்லை. ஆகவே வாய்க்கால் கரையும் வயல் வரப்பும் பிடித்து ஊர் ஊராக நடந்தவர்கள் தமிழ் உபதேசியார்களே. ஹாலே நகரில் அச்சாகி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்ட மிஷன் அறிக்கைகளில் இவர்களுடைய பயணக் குறிப்புகளும் இடம்பெற்றன. நம் சபை வரலாற்று நூல்களில் அவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

அவர்களில் இராஜநாயக்கனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் சிறு அதிகாரி. தரங்கம்பாடி அச்சகத்தில் 1714இல் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய புத்தகம் அவர் கைக்கு வந்தது. மிஷனெரி யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. புத்தகத்தைப் படித்து, அதை அச்சிட்டவர்களைத் தேடி அவரே தரங்கம்பாடிக்கு வந்தார். படை வேலையை விட்டு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதிக்கே திரும்பினார். எதிர்ப்பைத் தாங்கினார், சிதறிக் கிடந்த சிறு சபைகளைக் கட்டிக் காத்தார், 1771இல் இறக்கும்வரை அந்தப் பணியை விடவில்லை.

அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவர் ஆரோன். கடலூரில் வேளாளர் குடும்பத்தில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1745இல் மறையும்வரை நாட்டுப்புறச் சபைகளைச் சுற்றிச் சுற்றி வந்த உத்தமர். அவருடைய தகுதியில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இராஜநாயக்கன் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் அவருடைய குலம். பறையர் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர் மறுப்பார்கள் என்று மிஷன் அஞ்சியது. இதை மழுப்பாமல் எழுதிவைக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. பட்டமில்லாமலேயே நாற்பதாண்டுக்கு மேல் அவர் ஊரை விட்டு அகலவில்லை. தஞ்சையில் பின்னால் வந்தவர்கள் கட்டியது அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான்.

பின்னால் வந்தவர்களில் பெரியவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தமிழகம் வந்தவர், 1798 பிப்ரவரியில் தஞ்சையில் கண்மூடும்வரை தாய்நாடு திரும்பவில்லை. 1780களில் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் தஞ்சைக் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அரசர் அழைத்தும் அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொல் அனுப்பிய பிறகு ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்ததாக அவருடைய கடிதம் கூறுகிறது. பருவம் தப்பிக்கொண்டிருந்த வயல்களில் உழவு தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மக்களின் மொழியில் பேசி, அவர்களுடைய பஞ்சத்தில் நெல் பங்கிட்டவர் என்பதால்தான் அந்தச் சொல் செல்லுபடியானது. எந்த முகாமும் ஒரு வாரத்தில் ஈட்டிவிடக்கூடிய நம்பிக்கை அல்ல அது.

அதே சுவார்ட்ஸ் குறும்பயணங்களும் செய்தார். 1778இல் பாளையங்கோட்டைக்குப் போய், தஞ்சையில் பிறந்த மராத்தியப் பிராமண விதவை ஒருவருக்குக் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்துத் திரும்பினார். 1780ஆம் ஆண்டு சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். 1785இல் குளோரிந்தா கட்டிய ஆலயம் எழுந்தது. தஞ்சையிலிருந்து சத்தியநாதன் அங்கே அனுப்பப்பட்டார். 1790இல் அவருக்குக் குருப்பட்டமும் கிடைத்தது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு இந்தச் சிறு பயணத்தைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. சுவார்ட்ஸ் புறப்பட்டபின் குளோரிந்தா அங்கே இருந்தார். தொடர்ந்து சத்தியநாதன் இருந்தார். வந்தவர் போனபின் ஊரில் ஆள் இருந்த இடத்தில் பயணம் பலித்தது. குறும்பயண ஊழியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

நம் காலத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி இதைக் கண்ணெதிரே காட்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. நாலா திசையிலிருந்தும் சபைகள் ஓடிவந்தன. பிணம் எடுத்தார்கள், சோறாக்கினார்கள். அந்த வாரத்தின் வேகம் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் தவித்திருப்பார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கேட்காமல் அனுப்பிய பழந்துணிகள் சாலையோரம் குவிந்து மட்கின. உப்பேறிய வயலில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்டதும், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்த்ததும் வருடக்கணக்கான வேலை. துணி அனுப்பியவர்கள் முதலில் உள்ளூர்ச் சபையிடம் கேட்டிருந்தால் பாத்திரமும் வலையும் போயிருக்கும்.

கேட்பது என்றதும் மருத்துவ முகாம் நினைவுக்கு வருகிறது. முகாமுக்கு வரும் நடவுப் பெண்களின் குறை பெரும்பாலும் இடுப்பு வலி, முழங்கால் வலி, சேற்றுப்புண். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும். பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வேன் போய்விட்டால் பதினோராம் நாள் என்ன? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரண்டு நோய்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முகாமில் புதிதாகக் கண்டறிந்தவர்களின் பட்டியலை அன்று மாலையே கிராமச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒப்படைத்து, உபதேசியார் மறுமாதம் போய் விசாரித்தால் அந்த முகாம் வருடம் முழுவதும் நடந்ததற்குச் சமம். மாத்திரையைவிட அந்தப் பட்டியல் பெரிது.

தங்குவதும் உண்பதும் அடுத்தது. டெல்டாவின் கிராமச் சபைகளில் பல, நிலமில்லாக் கூலித் தொழிலாளரின் தெருக்களில் இருக்கின்றன. ஆலயம் அங்கே இருக்க, குழுவின் சாப்பாடும் படுக்கையும் வேறு தெருவில் என்றால், எந்தப் பிரசங்கமும் அதை ஈடுகட்டாது. யார் வீட்டில் கை நனைத்தார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். இராஜநாயக்கனுக்குச் செய்யத் தவறியதை இந்தத் தலைமுறை அந்தத் தெருத் திண்ணையில் அமர்ந்து சாப்பிட்டுத்தான் செய்ய வேண்டும். கூட்டத்தை யார் நடத்துவது என்பதையும் முன்கூட்டியே யோசிக்கலாம். ஊர் உபதேசியாரை நாற்காலி போடவும் மைக் பிடிக்கவும் விட்டுவிட்டு விருந்தினர் மேடையேறினால், அவர்கள் போன பிறகு அவர் சொல்லுக்கு மதிப்புக் குறையும். முதலும் முடிவும் அவர் பேசட்டும். வந்தவர்கள் நடுவில் பாடட்டும், பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும்.

காலத்தையும் உபதேசியாரே குறிக்கட்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு. விடியலில் வயலுக்குப் போன பெண்களைப் பகல் முகாமில் எதிர்பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சம்பாப் பயிரும். மே மாதம் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் வயலில் வேலையில்லாத அந்த நாட்களில் பெரியவர்களில் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூலிக்குப் போயிருப்பார்கள். தை மாத அறுவடை முடிந்த பிறகு மாசியில், இருட்டியபின் வீடு வீடாகப் போனால் குடும்பம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கலாம். வருடம் ஒரு புது ஊர் என்று கணக்குக் காட்டாமல், மே மாதம் பிள்ளைகளுக்காக வந்த அதே ஊருக்கு அதே குழு மாசியில் இரண்டு இரவுகள் மறுபடி வரட்டும். தேதியை உபதேசியாரிடம் பொங்கலுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.