பிலோமினா: ஒரு பெயரின் வரலாறு

காஞ்சி மாநகரில் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலை ஒட்டி ஏகாம்பரமும், வரதராஜப் பெருமாளை ஒட்டி வரதனும், தாயாரை ஒட்டிப் பெருந்தேவியும், அம்மனை ஒட்டிக் காமாட்சியும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கும்பிடுகிற பெயரைப் பிள்ளைக்கு இடுவது இந்த மண்ணின் பழக்கம். கத்தோலிக்கராகிய நாமும் அதை விட்டுவிடவில்லை. சூசையும் சவரிமுத்தும் அந்தோணியும் ஆரோக்கியமேரியும் அப்படி வந்தவர்களே.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெயர் மட்டும் சற்றுத் தனித்து நிற்கிறது. அதுதான் பிலோமினா. நம் பங்கின் பாட்டிமார் வரிசையில் இந்தப் பெயரைக் கேட்கலாம்; பேத்திமார் வரிசையில் தேடினாலும் கிடைக்காது. மலர்க் குழுவினர் அடியேனிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது முதலில் வேறொரு பொருளையே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகையில், பட்டு நூல் இழைத்தே விரல் தேய்ந்த ஒரு மூதாட்டி வழிமறித்தார். "சார், எம்பேருல ஒரு புனிதையே கிடையாதாம். பேத்தி செல்போன்ல பார்த்துச் சொல்றா. அப்போ இத்தனை வருஷமா நான் நாம விழா கொண்டாடினது யாருக்கு?" என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லும் கடமையில்தான் இதை எழுதுகிறேன்.

உரோமை நகரில் சலாரியா சாலையை ஒட்டிப் பூமிக்கடியில் பிரிசில்லாவின் சுரங்கக் கல்லறை இருக்கிறது. 1802-ஆம் ஆண்டு மே மாதம் 24, 25 தேதிகளில் அங்கே ஒரு கல்லறையைத் திறந்தார்கள். அதை மூடியிருந்தவை மூன்று சுட்ட ஓடுகள். அவற்றில் செந்நிறத்தில் லத்தீன் எழுத்துகள். முதல் ஓட்டில் 'லூமேனா', இரண்டாவதில் 'பாக்ஸ் தே', மூன்றாவதில் 'கும் ஃபி'. அப்படியே படித்தால் பொருள் வரவில்லை. முதல் ஓட்டை எடுத்துக் கடைசியில் வைத்தால் 'பாக்ஸ் தேகும் ஃபிலூமேனா' என்றாகிறது. அதாவது, 'பிலோமினாவே, சமாதானம் உன்னோடு'. நம் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடலோடு முந்தியைப் பேட்னி போட்டு இணைக்கையில் முன்பின் மாறினால் சேலை என்ன கதியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எழுத்துகளோடு நங்கூரம், அம்புகள், குருத்தோலை ஆகிய சித்திரங்களும் ஓடுகளில் இருந்தன. உள்ளே இருந்தவை பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு சிறுமியின் எலும்புகள் என்று கருதப்பட்டது. பக்கத்தில் உடைந்த கண்ணாடிக் குப்பி ஒன்றும் கிடைத்தது. அதில் படிந்திருந்தது வேதசாட்சியின் இரத்தம் என்று அந்நாளில் நம்பினார்கள். இவ்வளவுதான் கையில் கிடைத்தது: ஒரு பெயர், சில சித்திரங்கள், ஒரு சிறுமியின் எலும்புகள்.

பெயரின் பொருள் என்ன? அது கிரேக்கச் சொல். 'நேசிக்கப்பட்டவள்' என்று அர்த்தம். பழங்காலத்தில் அதைப் பெண்கள் தாங்கியிருக்கிறார்கள். தெர்த்துல்லியன் தம் நூல்களில் கண்டிக்கும் ஒரு தீர்க்கதரிசினிக்குக்கூட அந்தப் பெயர்தான். ஆனால் அந்த எலும்புகளை 1805-இல் பெற்று, நேப்பிள்ஸ் அருகே முஞ்ஞானோ என்னும் தம் ஊருக்கு எடுத்துச்சென்ற பிரான்சிஸ்கோ தே லூசியா என்னும் குருவானவர், அதை லத்தீனாக்கி 'ஒளியின் மகள்' என்று பொருள் சொன்னார். கிரேக்க விளக்கமே சரி. எனினும் மேடையேறியதும் பக்திப் புத்தகங்களில் ஏறியதும் 'ஒளியின் மகள்'தான்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் நாட்டுப் பழைய வேதபோதகர்கள் அந்நியப் பெயர்களைத் தமிழாக்கியே வழங்கினார்கள். கிரீடம் என்று பொருள்படும் ஸ்தேவான், முடியப்பர் ஆனார். இறைவனின் அருள் என்று பொருள்படும் யோவான், அருளப்பர் ஆனார். பிலோமினா அந்தக் காலத்தில் வந்திருந்தால் அன்பாயி என்றோ நேசம்மாள் என்றோ நம் வீடுகளில் புகுந்திருப்பாள். அவள் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். அப்போது மொழிபெயர்க்கும் வழக்கம் தளர்ந்திருந்தது. பெயர் பெயராகவே வந்தது. தமிழ் நாவு அதைப் பிலோமினா, பிலோமினாள், பிலோமினம்மாள் என்று பலவாறு இழைத்துக்கொண்டது. வீட்டுச் செல்லமாக 'மீனா' என்று சுருங்கியபோது, அடுத்த வீட்டுக்காரர் மீனாட்சி என்றே நினைத்துக்கொண்டதும் உண்டு!

முஞ்ஞானோவில் புதுமைகள் நடப்பதாகச் செய்தி பரவியது. 1833-இல் நேப்பிள்ஸ் நகரத் துறவறச் சகோதரி ஒருவர், தமக்குப் புனிதையே தன் கதையைச் சொன்னதாக அறிவித்தார். கிரேக்க நாட்டுச் சிற்றரசனின் மகள், தியோக்கிலேசியன் பேரரசனை மணக்க மறுத்தவள், நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் எறியப்பட்டவள், அம்பெய்யப்பட்டவள், கடைசியில் சிரச்சேதம். ஓட்டில் இருந்த ஒவ்வொரு சித்திரமும் கதையில் ஒரு காட்சியாக விரிந்திருப்பதை வாசகர் கவனிக்கலாம். நங்கூரமோ ஆதிக் கிறிஸ்தவர் தங்கள் கல்லறைகளில் நம்பிக்கையின் அடையாளமாக வழக்கமாகத் தீட்டிய சின்னம்.

முஞ்ஞானோவோடு நின்றிருந்தால் இந்தப் பெயர் நம் ஊரை எட்டியிராது. அதை உலகுக்குக் கொடுத்தது பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரம். லியோன் என்றால் என்ன ஊர்? பட்டு நெசவு ஊர்! நம் தறிகளின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, அட்டையில் துளையிட்டு இழைகளைத் தூக்கிப் பூ எடுக்கும் அந்தப் பெட்டி, லியோனில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார் என்பவரின் பெயரைத் தாங்குகிறது. அவருடைய தறி 1804-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறுமியின் எலும்புகள் முஞ்ஞானோ போய்ச் சேர்ந்ததற்கு ஓராண்டு முன்பு. அதே லியோனில் நெசவாளர் நியாயமான கூலி கேட்டு 1831-இலும் 1834-இலும் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். காஞ்சியில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்த நகரில் ஒரு பட்டு ஆலை முதலாளியின் மகளாக 1799-இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. பட்டு ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு காசு வீதம் வேதபோதக நாடுகளுக்காகத் திரட்டினார். 1822-இல் அது விசுவாசப் பரப்புதல் சங்கமாக உருவெடுத்தது. அந்தக் காசின் ஒரு பங்கு பாரிஸ் வேதபோதக சபைக்குச் சென்றது. 1776 முதல் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாட்டில் உழைத்த குருக்கள் அந்தச் சபையாரே. பட்டு நெய்த ஓர் ஊரின் கூலிக் காசு கடல் தாண்டி நம் பக்கத்துக் கோயில்களின் சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் வந்திருக்கிறது.

இந்தப் பவுலின் கடும் இருதய நோயால் சாகும் தறுவாயில் இருந்தவர். நாற்காலியில் சுமந்துசெல்லப்பட்டு 1835 ஆகஸ்டில் முஞ்ஞானோ சேர்ந்தார், அங்கே குணமடைந்தார். வழியில் அவரை உரோமையில் கண்டிருந்த திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார், அவர் எழுந்து நடந்து திரும்பியதைக் கண்டு வியப்படைந்தார். 1837 ஜனவரி 30 அன்று பிலோமினாவுக்குப் பொது வணக்கம் அனுமதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 11 அவளுடைய திருநாள் ஆயிற்று.

லியோனுக்கு வடக்கே சிறிது தொலைவில் ஆர்ஸ் கிராமம். அங்கே பங்குத்தந்தையாயிருந்த ஜான் மரிய வியான்னிக்குப் பவுலின் திருப்பண்டத்தின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்தார்கள். புதுமை எது நடந்தாலும் தமக்குப் புகழ் வராதபடி, "எல்லாம் பிலோமினாவின் வேலை" என்று கைகாட்டிவிடுவாராம். 1859-இல் அவர் மரிப்பதற்குள் பிரெஞ்சு நாட்டில் எத்தனையோ பெண்குழந்தைகள் 'பிலோமேன்' ஆகியிருந்தார்கள். அந்நாட்டுக் குருக்களோடும் கன்னியர்களோடும் பெயர் கப்பலேறியது என்பது என் முடிபு. அதற்கு முந்தைய சேசு சபையார் காலத்தில் இந்தப் பெயர் வந்திருக்கவே முடியாது; கல்லறை திறக்கப்பட்டதே 1802-இல்தானே!

நம் பக்கத்தில் இந்தப் பக்திக்குக் கிடைத்த பெரிய அடையாளம் மைசூர் பேராலயம். நம் தறிகளுக்குக் கச்சாப்பட்டு வரும் அதே நாடு. மைசூர் மகாராஜாவின் அலுவலரான தம்பு செட்டி அவர்கள், திருத்தந்தையின் பிரதிநிதி பிசானி ஆண்டகையிடமிருந்து 1926-இல் புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்றார். 1933 அக்டோபர் 28 அன்று மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 175 அடி உயர இரட்டைக் கோபுரம். பீடத்துக்குக் கீழே நிலவறையில் திருப்பண்டம். ஓர் இந்து மன்னர் கல் நாட்டியது. தம்பு செட்டி குடும்பத்தில் பிறந்து, மேனாட்டு முறையில் வயலின் பயின்று பாரிஸ் வரை சென்று புகழ்பெற்ற அம்மையாரின் பெயரும் பிலோமினாதான். அவர் திருப்பண்டம் வருவதற்கு முன்பே பிறந்தவர்; எனவே பெயர் முந்தி வந்தது, ஆலயம் பிந்தி வந்தது. மைசூரில் 1946-இலும் புத்தூரில் 1958-இலும் தோன்றிய கல்லூரிகளும் இந்தப் பெயரையே தாங்கின.

பெயர் பரவியதற்குப் பக்தி மட்டுமே காரணமன்று. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குக்குரு கவனிக்க வேண்டும். பெற்றோர் வேறு பெயரில் பிடிவாதமாயிருந்தால், ஒரு புனிதரின் பெயரையும் கூட்டி இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும். வீட்டில் கனகம், ஏட்டில் பிலோமினா என்று ஒரே பெண் இருவராக வாழ்ந்த கதை இப்படி உண்டானதே. 1983-இன் புதிய சட்டம் அவ்வளவு கேட்பதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறது.

இனி மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். 1904-இல் மருக்கி என்னும் கல்லறை ஆராய்ச்சியாளர், அந்த ஓடுகள் வேறொரு கல்லறையிலிருந்து எடுத்துப் பிற்காலத்தில் மறுபடி பயன்படுத்தப்பட்டவை என்றார். வரிசை மாறிக் கிடந்ததற்குக் காரணம் அதுவே. ஓட்டிலுள்ள பெயர் உள்ளே கிடந்த சிறுமியின் பெயரே அல்ல என்பது அவர் கருத்து. குப்பியும் குருத்தோலையும் வேதசாட்சியத்துக்கு உறுதியான சான்றல்ல என்றும் பின்னாளில் தெளிவாயிற்று. அவள் பெயர் உரோமை வேதசாட்சிகள் பட்டியலில் ஒருநாளும் ஏறியதில்லை. 1961 பிப்ரவரி 14 அன்று, எல்லா வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்தும் அவளுடைய திருநாளை எடுத்துவிடும்படி உரோமையிலிருந்து ஆணை வந்தது.

ஆணை சொன்னது அவ்வளவே. பொது வழிபாட்டு நாட்காட்டியில் வேண்டாம் என்றது. தனிப்பட்ட பக்தியைத் தடை செய்யவில்லை. அப்படி ஒருத்தி வாழ்ந்ததே இல்லை என்றும் தீர்ப்புக் கூறவில்லை. முஞ்ஞானோவில் இன்றும் யாத்திரிகர் வருகிறார்கள்; மைசூரில் இன்றும் கூட்டம். ஆயினும் செய்தி அரைகுறையாகப் பரவிய பல இடங்களில் சுரூபங்கள் மூலைக்குப் போயின. ஏற்கெனவே அந்தப் பெயரைத் தாங்கியிருந்த பெண்களிடம் யார் வந்து என்ன விளக்கினார்கள்? அது சரியாகச் செய்யப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம். திருமுழுக்கில் இட்ட பெயரை எந்த ஆணையும் அழிப்பதில்லை என்ற ஒரு வாக்கியத்தைப் பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் போதுமானது.

அதன்பின் பெயர் அருகத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் இதே நிலை. அயர்லாந்தில் 1933-இல் பிறந்த பிலோமினா லீ அம்மையாரின் உண்மைக் கதை 2013-இல் ஆங்கிலத் திரைப்படமாக வந்தபோது, இளையவர் பலருக்கு அது பாட்டி காலத்துப் பெயராகவே தோன்றியது. இங்கே பிலோமினாவின் இடத்தை இப்போது ஜெனிபரும் ஷெரினும் பிடித்துக்கொண்டார்கள். லியோன் நகரத்துப் பவுலினோ, தொழிலாளருக்காகத் தொடங்கிய ஒரு முயற்சியில் ஏமாற்றப்பட்டுக் கடனாளியாகி 1862-இல் ஏழையாக மரித்தார்; 2022 மே 22 அன்று முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அந்த மூதாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பவுலின் பட்டு ஆலைப் பெண்களிடம் வாரம் ஒரு காசு வாங்கிய இடம் வந்ததும் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். ஓட்டின் கதைக்குத் தலையாட்டினார். தியோக்கிலேசியன் கதையை அவரே முழுதாகச் சொன்னார், சிறு வயதில் கன்னியர் மடத்தில் கேட்டதாம். பிறகு, "இப்போ ஆகஸ்டு பதினொண்ணுல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். 1970-க்குப் பின் அந்த நாள் அசிசி நகர் புனித கிளாராவுக்கு உரியது என்றேன்.

"சரி, அந்தம்மாவுக்கும் ஒண்ணு, எம்பேருக்காரிக்கும் ஒண்ணு" என்று சொல்லி, இரண்டு மெழுகுதிரிக்கான காசை முந்தியிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தார்.