முறை மச்சாளும் முதிசமும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் கரையில் இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் தமிழிலேயே உறவு சொல்லி அழைக்கின்றனர். மாமன் மகள் மச்சாள், மணத்திற்குரியவள். சிற்றப்பன் மகளோ தங்கை. ஆனால், சட்ட ஏடுகளைப் புரட்டினால் இக்கரையில் ஒரு கோடு இல்லை. பல கோடுகள் உண்டு.

இஸ்லாமிய மார்க்கம் மாமன் மகளை மட்டுமன்றிச் சிற்றப்பன் மகளையும் மணக்க அனுமதிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ மச்சாளையே தடுத்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஒரே பூட்டனின் வழிவந்தோர் மணப்பதற்கும் சிறப்பு அனுமதி வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளோடு நிறுத்தியது. 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம் இவ்விரு மணங்களையும் தடுக்கவில்லை. சகோதரி மகளை மணப்பதைத் தடுத்தது. தமிழகத்திலோ தாய்மாமன் மணம் வழக்கத்திலிருந்தது; 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டமும் வழக்கத்திற்கு வழிவிட்டது.

இக்கோடுகளை வரைந்தது இயற்கை அன்று. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட 'சிலோன் கசட்டிய'ரில் குறித்த முக்குவரைப் பாருங்கள். அவர்கள் வழமையில் தந்தைவழி முதிசம் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்கே போகும். ஆகவே, மகளை மருமகனுக்குக் கொடுத்தால் கைவிட்டுப் போகும் சொத்தில் அவளும் வாழலாம். 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முஸ்லிமல்லாத முக்குவரிடையே பிள்ளைகளை வாரிசாக்கியது. பழைய வாரிசுமுறை போயிற்று; மச்சாள் உரிமை போகவில்லை. நிலமும் சீதனமும் குடும்பத்தைவிட்டு வெளியேறாதிருக்க அது தொடர்ந்து உதவிற்று.

இவற்றில் பெண்ணின் விருப்பம் எங்கே? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டம் இயற்றப்பட்டபோது மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பொதுச் சட்டம் கேட்டது. ஆயினும் 'உரிமை' என்று வீட்டில் முடித்த பேச்சை ஒரு கையொப்பம் எளிதில் மாற்றிவிடாது.

விலக்கப்பட்ட உறவில் மணப்பதற்கும் கூடி வாழ்வதற்கும் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுவரை சிறை விதித்தது. நெருங்கிய இரத்த உறவினரிடையேயான பாலுறவைத் தனிக்குற்றமாக்கி, 7 முதல் 20 ஆண்டு வரை தண்டனை விதிக்கத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. குலத்தின் ஒழுங்கைக் காக்க விரைந்த சட்டம், வீட்டுக்குள் நலிந்தவர்களைக் காக்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

யார் யாருக்கு முறை என்ற கேள்விக்கு மூத்தோரும் மதங்களும் அரசும் விடை சொல்லிவிட்டனர். அவளுக்குச் சம்மதமா என்ற கேள்வியை நம் வகுப்பறைகளிலாவது முதலில் கேட்போம்.