விசைக்குத் தமிழ் தெரியாது

விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அழுத்திய விசையின் எண்ணை மட்டும் அனுப்பும். அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் உள்ள மென்பொருள்.

யாழ்ப்பாணத்து முத்தையா உருவாக்கிய தட்டச்சுப்பொறியில் அப்படி இல்லை. விசையும் எழுத்தும் இரும்பால் பிணைந்தவை. புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கணினி வந்த பிறகும் பலர் அந்த வரிசையை விடவில்லை (கஷ்டப்பட்டுக் கற்றதை யார் விடுவார்!). போதாததற்கு, மென்பொருளுக்கு ஒரு விசை அமைப்பு வேறு.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'தமிழ்99' அமைப்பைத் தரப்படுத்தியது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தை அதில் அடித்துப் பாருங்கள்: அ, ச, ச, ங, க, உ, ள, ம, புள்ளி. ஒன்பதே தட்டு. 'ச்', 'ங்' இரண்டுக்கும் புள்ளி தானாக விழுந்துவிடும். கடைசி 'ம்'முக்கு மட்டும் நாமே வைக்க வேண்டும்.