வெட்டாமல் விட்ட 27 கல்

ஒரத்தநாட்டுலேர்ந்து பஸ் ஏறினா தஞ்சாவூர் பெரிய கோயில் கொஞ்ச தூரம்தான். ஸ்கூல் டூரு, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு ஐம்பது தடவையாவது போயிருப்பேன். அதுக்குள்ள முடிக்காம விட்ட வேலை ஒண்ணு இருக்குங்கறது, இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர்ல வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சப்புறம்தான் ஒரு புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுது. வெட்கக்கேடு.

மேட்டர் இதுதான். கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் சந்து மாதிரி ஒரு நடைபாதை. கீழ்த்தளத்துச் சந்தில் சோழர் கால ஓவியங்கள். மேல்தளத்தில் 108 சிற்பங்களுக்கு வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களுக்கும் ஆளுக்கொரு கல். ஆடுவது நாலு கை சிவன். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தில் ஆரம்பித்து 81 வரை செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் அங்கே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் 27 கல்லும் மொட்டையா நிக்குது. (பொதுமக்களை அங்கே விடுவதில்லை. நானும் படத்தில் பார்த்ததுதான்.)

ஏன் நின்றது? ராஜராஜன் விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது 1010ல். 1014ல் போய்ச் சேர்ந்துட்டார். மகன் ராஜேந்திரன் தலைநகரையே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாத்திட்டார். சிற்பிகளும் பின்னாடியே போயிருப்பாங்கன்னு சொல்றவங்க உண்டு. கல்வெட்டில் ஒரு வார்த்தை கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கோயில் கல்வெட்டு லேசுப்பட்டதில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருத்தரும் எந்த ஊர்லேர்ந்து வந்தவங்க, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்... எல்லாம் இருக்கு. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கு. முடிவெட்டுகிறவருக்குக்கூட 'ராஜராஜப் பெருநாவிசன்'னு பட்டம் போட்டு இடம் கொடுத்திருக்காங்க. இந்த 27 பத்தி மட்டும் கப்சிப். நாங்களா இருந்தா 'அடுத்த ரிலீஸில் வரும்'னு ஒரு வரி போட்டுத் தப்பிச்சிருப்போம் :-)

ஆனா அந்த மொட்டைக் கல் இல்லேன்னா நமக்கு ஒரு விஷயம் சுலபமா புரிஞ்சிருக்காது. கல்லை முதலில் சுவரில் வைத்துக் கட்டிவிட்டு, அப்புறம் நின்ற இடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க. வெளிச்சம் கம்மியான சந்து. தலைக்கு மேல 13 நிலை விமானம். உளி வழுக்கினா கல்லை உருவிட்டு வேற வைக்க முடியாது. வழுக்கின இடத்தையே விரலாவோ மடிப்பாவோ மாத்திக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு நூறு தடவை 'அன்டூ' அமுக்குற எனக்கு இதை நெனச்சாலே கை நடுங்குது.

பிற்பாடு சிதம்பரம் கோபுரத்தில் 108ம் வந்துவிட்டது, சுலோகத்தோடு. தஞ்சாவூரையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கரணம் ரெண்டு இடத்திலும் வேற வேற மாதிரி இருக்கும். ஒரு சிற்பி தப்புப் பண்ணிட்டான்னு சொல்லிடலாமா? இதை ஆராய்ச்சி செய்த பத்மா சுப்ரமணியம் வேறு மாதிரி பார்த்தார். கரணம் என்பது போஸ் கிடையாது, அசைவு. ஒருத்தன் நடுவில் பிடிச்சான், இன்னொருத்தன் முடிவில் பிடிச்சான். கல்லுக்குள் ஒரு நொடிதான் கொள்ளும். எது குறைன்னு தோணிச்சோ அதையெல்லாம் சேர்த்துவைத்துத்தான் அவர் அசைவையே மீட்டெடுத்தார்.

வெளிநாட்டுலயும் கதை உண்டு. மைக்கலாஞ்சலோ பாதியில் விட்ட அடிமைகள் சிலைகளைப் பார்க்க இன்னிக்கும் பிளாரன்ஸில் கூட்டம் நிக்குது. கல்லுக்குள்ளேர்ந்து திமிறி வெளிய வர்ற மாதிரி இருக்கும். அதை யாரும் 'முடிச்சு' வைக்கலை.

இவ்வளவு பேசுறேனே, எங்க ஊர்ப் பக்கம் சின்ன சிவன் கோயில் ஒண்ணு. மண்டபத் தூண் ஒண்ணில் பாதித் தாமரை இருக்கும். நாலு இதழ் முழுசா, மிச்சம் கோடு மட்டும். சாப்பிடப் போன ஆசாரி திரும்பி வரவேயில்லைன்னு அப்பாயி கதை சொல்லும். சின்ன வயசில் அந்தக் கோட்டில் விரல் வச்சு இழுத்துக்கிட்டே நிப்பேன். கும்பாபிஷேகத்துக்கு வசூல்னாங்க, நானும் அஞ்சாயிரம் அனுப்பினேன். லீவுக்குப் போய்ப் பார்த்தா தூணை மிஷின் போட்டு இழைச்சு, கண்ணாடி மாதிரி பளபளன்னு வச்சிருக்காங்க. தாமரையைக் காணோம்.

அப்பாகிட்ட சண்டைக்குப் போனேன். "ஏன்டா தம்பி, பாதிப் பூ நல்லாவா இருந்துச்சு? ஊரே பளிச்சுன்னு இருக்குங்குது"ன்னார். பதில் சொல்லத் தெரியலை. அந்த மிஷின் வாடகையில் என் காசும் இருக்கே.

போன வாரம் திரும்ப போன். "இன்னும் ரெண்டு தூணு பாக்கி இருக்கு, ஏதாச்சும் அனுப்புறியா?" மடப்பள்ளிக் கூரைக்குன்னா எவ்வளவு வேணும்னாலும் அனுப்புறேன், அந்த ரெண்டு தூணை மட்டும் அப்படியே விடச் சொல்லுங்கப்பான்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேட்டுப் பாக்குறேன்"னு சொல்லி வச்சுட்டார்.