டிஃபரன்ஷியல் லாக்: ஒரு குட்டி வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு பின் அச்சில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. திற்பரப்பு பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்து மேடுகளைப் பார்த்தால் உங்களுக்கும் இந்த ஆர்வம் வந்துவிடும்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். அதற்காக பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் 1820-களின் கடைசியில், நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலை உருவாக்கினார். அதில் ஒரு குறை: ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் மற்றதும் இழுக்காது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவதுதான் லாக். டிராக்டரில் அதற்குக் கால்மிதி உண்டு. 1947-ல் வில்லிஸ் ஜீப் தயாரிக்க ஆரம்பித்த மஹிந்திரா, 2015 தாரில் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையைக் கொடுத்தது.

சர்வீஸ்? கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை, சொன்ன கெடுவில் மாற்றவேண்டும். வடித்த ஆயிலில் மெல்லிய இரும்புத்தூள் என்றால் சாதாரணத் தேய்மானம். சில்லுகள் வந்தால் கழற்றிப் பார்க்கவேண்டும்.

முக்கியமான விஷயம் இது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு கியர் போடவே கூடாது. சாதாரண அச்சில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். இதில் லாக் விழுந்தால் தரையிலுள்ள சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். அடியில் படுத்திருப்பவர் கதி? இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சேற்றில் காப்பாற்றுகிற அதே குணம்தான் ஒர்க்‌ஷாப்பில் ஆளைக் கொல்லும்.